வயிற்றில் இருந்தது பிள்ளையல்ல

2011ஆம் ஆண்டு, மெல்பேர்னில் ஒரு சிறுமி பெரியபிள்ளையானதற்கான சாமத்தியச் சடங்கு. மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நின்ற, எங்கள் அயலில் இருந்த அக்கா ஒருவர், சேலை மடிப்பைச் சரிசெய்கிறவர் போலக் கிட்ட வந்து, என் வயிற்றில் மெதுவாகக் கையை வைத்தார்.

"என்ன பிள்ளை, முழுகாமல் இருக்கிறீரோ? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்பதை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் கேட்பார்கள். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. மகளுக்குப் பதினாறு. வயிறு என்னவோ ஆறுமாத வயிறு போலத்தான் இருந்தது. எந்தச் சேலையை எப்படிக் கட்டினாலும் மறையவில்லை. அதற்குள் இருந்தது தண்ணீர் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை இல்லை என்று மட்டும் தெரியும். எதனால் வந்த வயிறு என்றும் மனதுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது.

"இல்லையக்கா, சும்மா ஊதிப்போச்சு" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் ஊதியது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்து தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். புதுப்பெண் வெட்கப்படுவதைப் போல. அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. என் கன்னத்தைக் கிள்ளி, "இந்த வயசில கவனமா இருக்கவேணும். சும்மா ஓடித் திரியாதையும்" என்றார். எனக்கு முன்னால் ஆட்களை விலக்கி, முதலில் எனக்குச் சாப்பாடு போடச் சொன்னார்.

கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர் அந்த அக்கா. நாங்கள் வந்த புதிதில், நானும் கணவரும் வேலையால் வரும்வரை மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து தன் வீட்டில் வைத்திருந்து சாப்பாடு கொடுத்தவர். ஒருநாளும் அதற்காக ஒன்றும் வாங்கியதில்லை. அவருக்குத்தான் நான் அந்தச் சிரிப்பைச் சிரித்தேன்.

நான் குடிக்கிறவள். எழுதும்போதுகூட, இந்த வசனத்தை ஒரு பொம்பிளை எழுதலாமா என்று கை நிற்கிறது. எங்கள் சனத்துக்குள் குடிக்கிற ஆண்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அவர்களைப் பற்றிப் பகிடி விடுவார்கள், திட்டுவார்கள், அவர்களின் மனைவிமாருக்காக இரக்கப்படுவார்கள். எங்கள் வீட்டில் கணவர் தொட்டும் பார்க்காதவர். குடித்தது நான்.

தொடங்கியது நகரத்தில் ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை செய்தபோது. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகப் போய்க் கொஞ்சம் குடிப்பார்கள். முதலில் தோடம்பழச் சாறுடன் இருந்தேன். பிறகு ஒருநாள் ஒரு கிளாஸ் வெள்ளை வைன். எனக்கு அது பிடித்திருந்தது. அதற்கு மேல் காரணம் ஒன்றும் இல்லை. 2009இல் ஆட்குறைப்பு நடந்து எனக்கு வேலை போனது. கணவர் காலையில் ரெயிலுக்குப் போவார், மகள் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். பிறகு வீடு முழுக்க எனக்குத்தான்.

இங்கே வைன் பெட்டியில் வரும். மட்டைப் பெட்டி, உள்ளே வெள்ளிநிறப் பை, ஒரு சின்னக் குழாய். உடுப்புத் தோய்க்கிற அறையில், சவர்க்காரத் தூள் பக்கெற்றுகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். குழாயைத் திறந்து தேத்தண்ணிக் கோப்பையில் பிடித்துக்கொள்வேன். யாராவது வந்தாலும் கையில் கோப்பைதானே இருக்கிறது. சமையலை மதியத்துக்கு முன்பே முடித்துவிடுவேன், பிறகு கத்தி பிடிக்கிற நிலையில் இருக்கமாட்டேன் என்று தெரிந்து. ஒரே கடையில் அடுத்தடுத்து வாங்கமாட்டேன். வெறும் பெட்டிகளைக் கிழித்து, கடைத்தொகுதியின் குப்பைத் தொட்டிகளில் போட்டுவிட்டு வருவேன். கணவரின் குறட்டையைச் சாட்டாக வைத்து, தையல் மெசின் இருந்த சின்ன அறைக்குப் படுக்கையை மாற்றினேன். அவருக்கு மணக்கக்கூடாது என்பதுதான் உண்மை. பின்னேரங்களில் மகளை நீச்சல் வகுப்புக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

சடங்குக்குச் சில மாதங்களுக்கு முன் களைப்பு என்று எங்கள் குடும்ப டாக்டரிடம் போனேன். அவர் தமிழர். இரத்தம் சோதித்துவிட்டு, ஈரலுக்குரிய எண்கள் கூட இருக்கின்றன என்றார்.

"ஈரலில கொழுப்புப் படிஞ்சிருக்கும். எங்கட ஆக்களுக்கு இது கனபேருக்கு இருக்கு. சோத்தைக் குறையுங்கோ, நடவுங்கோ." பிறகு கொம்பியூட்டரைப் பார்த்தபடி, "நீங்கள் குடிக்கிறேல்லைத்தானே?" என்றார்.

"இல்லை, டொக்டர்" என்றேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே அவர் 'இல்லை' என்று அதில் தட்டிவிட்டிருந்தார். அவரில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. அன்று வீட்டுக்கு வந்து சோற்றைக் குறைத்தேன்.

சடங்கு முடிந்த கிழமையிலேயே அக்கா வரத் தொடங்கிவிட்டார். தேசிக்காய் ஊறுகாய், மோர்மிளகாய், நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு. பிள்ளைத்தாச்சிக்கு வாய்க்கு உறைப்பாக, உப்பாக ஏதாவது வேண்டியிருக்கும் என்று டப்பாக்களில் போட்டுக் கொண்டுவந்தார். சோறு இறங்காத எனக்கு அந்த உப்புத்தான் இறங்கியது. எல்லாவற்றையும் சாப்பிட்டேன். கால்கள் வீங்கின. செருப்பின் வார் பதிந்த இடம் பள்ளமாக நின்றது. வயிறு இன்னும் பெருத்தது. அக்கா அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டார்.

"நல்லா வளருது" என்றார்.

ஊருக்குள் கதை போக எவ்வளவு நேரம் எடுக்கும்? மகள் பள்ளிக்கூடத்தால் வந்து பையைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றாள். அவளுடைய சிநேகிதியின் தாய் சொன்னாராம்.

"அம்மா, ஆர் யூ பிரெக்னன்ட்?"

முகத்தில் பாதி அருவருப்பு, பாதி ஆவல். தனியாக வளர்ந்த பிள்ளை. சின்ன வயதில் தம்பி வேண்டும், தங்கை வேண்டும் என்று அழுதவள்.

"பாப்பம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. அதற்குப் பிறகு அவள் என்னைக் குனியவிடவில்லை. தோய்க்கிற உடுப்புக் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். அவள் அந்த அறைக்குள் போகத் தொடங்கியதால், வைன் பெட்டியைத் தையல் அறை அலுமாரிக்குள் மாற்ற வேண்டி வந்தது. பிள்ளை எனக்கு உதவி செய்கிறாள் என்று நான் நெகிழவில்லை. இடைஞ்சல் என்றுதான் நினைத்தேன்.

கணவருக்கு விசயம் தெரிந்தது ரெயிலில். கூட வருகிற ஒரு தமிழர் கைகுலுக்கி வாழ்த்தியிருக்கிறார். அடுத்த நாள் சனிக்கிழமை, மகள் வெளியே போனபிறகு, என்னைக் கூப்பிட்டார்.

"என்னப்பா இது கதை? ஊரெல்லாம் கதைக்குது, எனக்கு மட்டும் தெரியாது."

"அதுகள் சும்மா தங்கடபாட்டுக்குச் சொல்லுதுகள்."

"நீர் இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே?"

நாங்கள் ஒரே அறையில் படுத்து ஒரு வருடத்துக்கு மேல். பிள்ளை என்பது நடக்காத காரியம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் அதுகூட நியாயம். ஆனால் அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். கையைப் பிடித்து யன்னல் வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"கண்ணெல்லாம் மஞ்சளாக் கிடக்கு. உமக்குச் செங்கண்மாரி. வெளிக்கிடும், ஆஸ்பத்திரிக்குப் போவம்."

காரில் போகும்போது, இலங்கையிலிருந்த தன் தாயிடம் ஃபோனில் சொன்னார். கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடிக்கக் கொடுக்கச் சொல்லி மாமி சொன்னது எனக்கும் கேட்டது. தண்ணீரில் வந்த கிருமி, கடைச் சாப்பாட்டில் வந்த கிருமி என்று கணவர் அடுக்கிக்கொண்டு போனார். நான் எல்லாவற்றுக்கும் "இருக்கும்" என்றேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி முதலில் கேட்டது, பிள்ளை உண்டாகியிருக்கலாமா என்பது. கணவர் சுவரைப் பார்த்தார். பிறகு ஓர் இளம் பெண் டாக்டர் வந்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார், பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லி மறுபடி தட்டினார். கழுத்துக்குக் கீழே சிலந்திக்கால் போலப் பரவியிருந்த சிவப்பு நரம்புகளையும் உள்ளங்கையின் சிவப்பையும் பார்த்தார். கணவரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் வரும் என்பது ஒருபுறம். வருகிறவர் மெல்பேர்னில் இருக்கிற ஒரு தமிழராகத்தான் இருப்பார், என்னை அவருக்கு எங்கேயாவது தெரிந்திருக்கும்.

கிழமைக்கு எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார். 'குடிப்பீர்களா' என்று கேட்கவில்லை. அதைக் கவனித்தும், "விசேசங்களில் ஒரு கிளாஸ்" என்றேன். அவர் முகம் மாறவில்லை. சரியாகச் சொன்னால்தான் ஆபத்தில்லாமல் பார்த்துக்கொள்ளலாம், குடிப்பதைத் திடீரென நிறுத்தினாலும் உடம்பு கெடும் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்டார். நானும் அதே பதிலை மறுபடி சொன்னேன்.

வார்ட்டில் இரண்டாம் நாள் கை நடுங்கத் தொடங்கியது. தண்ணீர்க் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது. படுக்கை விரிப்பில் எறும்புகள் வரிசையாகப் போவது தெரிந்தது. அவற்றைத் தட்டித் தட்டி விட்டேன். கணவர் பக்கத்தில் கதிரையில் இருந்தார். அவரைப் பார்த்துத்தான் நான் கத்தியிருக்கிறேன்.

"அலுமாரிக்குள்ள கோப்பை இருக்கு. அதில பிடிச்சுக்கொண்டு வாங்கோ. பெட்டியில இன்னும் கிடக்கு. கெதியா!"

ஓடிவந்த தாதி என் கைகளை நீட்டச் சொல்லிப் பார்த்தார். உடனே அவருக்கு விளங்கிவிட்டது. நரம்பு அடங்க மருந்து கொடுத்தார்கள், விற்றமின் ஊசி ஏற்றினார்கள். குடிப்பதை நிறுத்தியதால் வருகிற நடுக்கம் இது, நேற்றே தெரிந்திருந்தால் இந்த அளவுக்கு விட்டிருக்கமாட்டோம் என்று தாதி கணவரிடம் விளக்கினாராம். கணவர் அவரை மறித்து, "நோ, நோ, எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை" என்று இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார். பிறகு அவர் வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்தார்.

அடுத்த நாள் தோய்த்த இரண்டு நைற்றிகளும் சீப்பும் கொண்டுவந்தார். எனக்குத் தெளிவு வந்திருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"எவ்வளவு காலமா?"

"மூண்டு வருசம் இருக்கும். கூடவும் இருக்கும்."

"நான் வீட்டில இருக்கேக்கையுமோ?"

"ஓம்."

"பிள்ளையை நீச்சலுக்கு ஏத்திக்கொண்டு போகேக்கையும்?"

அவர் சீப்பை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருக்கும் என்று நினைத்தேன். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

அன்று பின்னேரம் வயிற்றுத் தண்ணீரை இறக்கினார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, இடுப்புக்கு மேலே பக்கவாட்டில் ஒரு மெல்லிய குழாயைச் செருகினார்கள். தண்ணீர் பைக்குள் இறங்கியது. ஒரு பை நிறைந்து இன்னொரு பை மாற்றினார்கள். வெளிர் மஞ்சள் நிறம், தெளிவாக. நான் இவ்வளவு காலமும் கோப்பையில் பிடித்துக் குடித்த அதே நிறம். தாதி அதைத் தூக்கிக்கொண்டு வார்ட்டின் நடுவால் போனபோது, எல்லோருக்கும் தெரியும்படி போகிறாரே என்று முகத்தை மூடிக்கொண்டேன்.

ஈரலில் என்ன நடந்தது என்பதை அந்த இளம் டாக்டர்தான் படுக்கையில் வந்து இருந்து சொன்னார். குடித்ததை எல்லாம் உடைத்து வெளியேற்றுகிற வேலை ஈரலுடையது. அளவுக்கு மேல் வரும்போது முதலில் கொழுப்புப் படியும். அந்த நிலையில் நிறுத்தினால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். நிறுத்தாவிட்டால் அது வீங்கி எரியும். புண் ஆறிய இடத்தில் தழும்பு வரும். தழும்பு கூடக்கூட ஈரல் இறுகிப்போகும், அதற்குள் போகவேண்டிய இரத்தம் போகமுடியாமல் பின்னால் தேங்கும். அந்த அழுத்தத்தில்தான் வயிற்றில் தண்ணீர் ஊறுகிறது. தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் இரத்த நரம்புகள் புடைக்கும், அவை வெடித்தால் இரத்தமாக வாந்தி வரும், ஆள் தப்புவது கஷ்டம். எனக்குத் தழும்பும் இருந்தது, வீக்கமும் இருந்தது.

"இதற்கு என்ன மருந்து?" என்று கேட்டேன்.

வீக்கத்துக்கு ஒரு மருந்து, தண்ணீர் வெளியேற மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு, தொண்டைக்குள்ளால் கமரா விட்டுப் பார்த்து நரம்பு புடைத்திருந்தால் வளையம் போட்டுக் கட்டுவது, எல்லாம் இருக்கின்றன என்றார். "ஆனால் இவை எல்லாம் ஈரலுக்கு அவகாசம் வாங்கித் தருவதற்குத்தான். மருந்து என்றால் குடிக்காமல் இருப்பதுதான். இனி ஒரு துளியும் இல்லை." ஈரல் மாற்றுகிற சத்திரசிகிச்சை பற்றிக் கேட்டேன். பல மாதங்கள் குடிக்காமல் இருந்து காட்டாமல் அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டார்கள் என்றார். கிடைப்பது குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம் என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. ஆனாலும், செய்யாத பிழைக்கு ஈரல் கெட்டுக் காத்திருக்கிற யாரோ ஒருவரின் முன்னால் நான் போய் வரிசையில் நிற்பதுபோல எனக்கு இருந்தது.

குடிப்பழக்கத்துக்கான ஆலோசகர் ஒருவரும் வந்தார். நடுத்தர வயதுப் பெண். இலங்கைத் தமிழர் என்றதும், போரில் யாரையும் இழந்தீர்களா என்று மெல்லக் கேட்டார். "ஓம்" என்று தலையாட்டினேன். அவருடைய கண் கலங்கியது. உண்மையில் எனக்குச் சொந்தத்தில் யாரும் போகவில்லை. என் அண்ணன்மார் இரண்டு பேரும் கனடாவில். 2009இல், போரின் கடைசி நாட்களில், அதை நிறுத்தச் சொல்லி எல்லோரும் கொடியோடு நகரத்து வீதியில் நின்றபோது, நானும் போகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டில் கோப்பையோடு இருந்தவள் நான். மற்றவர்களின் சாவை எடுத்து என் குடிக்குக் காரணமாக வைத்தேன். இரண்டு சந்திப்புகளுக்குப் பிறகு அதைத் திருத்திச் சொன்னேன். "அது பரவாயில்லை, இப்போது சொன்னீர்களே" என்றார். எனக்கு அது பரவாயில்லை என்று தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வயிறு இறங்கி, பழைய உடுப்புகள் தொளதொளத்தன. மகளுக்குக் கணவர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவள் என் அறை வாசலில் நின்று கேட்டது ஒன்றுதான்.

"ஸோ, பேபி ஒண்டும் இல்லை?"

"இல்லையம்மா."

"ஓகே" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக் கதவை மூடிக்கொண்டாள்.

உப்பில்லாமல் சமைப்பதை ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் சொல்லித் தந்தார். பத்தியம் என்று பட்டினி கிடக்கக்கூடாது, முட்டை, மீன், பருப்பு எல்லாம் வேண்டும், படுக்கமுன் ஏதாவது சாப்பிட வேண்டும் என்றார். கீழ்க்காய்நெல்லி உட்பட எந்த மூலிகையும் வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊறுகாய்ப் போத்தல்களைக் கணவர் எடுத்து எறிந்தார்.

அக்கா வந்தது வீடு திரும்பி ஒரு கிழமைக்குள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், வயிறு இல்லாமல் திரும்பி வந்தேன். இதைப் பார்த்த ஊர் என்ன நினைக்கும்? அக்கா துக்க வீட்டுக்கு வருகிறவர்போல வெள்ளைச் சேலையில் வந்தார். உள்ளே வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கிவிட்டார்.

"குறை நினையாதையும் பிள்ளை. நான்தான் கண்ணூறு பட வயித்தில கை வைச்சன் போல."

கணவர் வேலைக்குப் போயிருந்தார். அக்கா என்னைக் கதிரையில் இருத்தி, தானே குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். பிறகு என் கையைப் பிடித்தபடி, மகன் பிறக்கமுன் தனக்கு ஒரு பெண்பிள்ளை ஏழாம் மாதத்தில் போனதைச் சொன்னார். அவரை எனக்குப் பத்து வருடத்துக்கு மேலாகத் தெரியும். ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.

"இவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். முகத்தைக்கூட எனக்குக் காட்டேல்லை. உமக்கெண்டபடியாச் சொல்லுறன். உம்மட வேதனை எனக்கு விளங்கும்."

அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை.

"அக்கா, பிள்ளை இல்லை. பிள்ளை இருக்கவே இல்லை."

"என்ன?"

"குடிச்சனான் அக்கா. ஒவ்வொரு நாளும். ஈரல் பழுதாகி வயித்தில தண்ணி வந்தது. நீங்கள் கேக்க, வெக்கத்தில ஒண்டும் சொல்லேல்லை."

அக்காவுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. என் கையிலிருந்து தன் கையை எடுத்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். தன் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். கைப்பையை எடுத்தார்.

"நான் போட்டு வாறன்" என்றார்.

பிறகு அவர் வரவில்லை. நான் போய் மணி அடித்த இரண்டு தடவையும், கார் வாசலில் நின்றது, கதவு திறக்கவில்லை. என்னைப் பற்றி அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஊர் கடைசிவரை எனக்குப் பிள்ளை தங்கவில்லை என்றுதான் நம்பியது. என் மானத்தை அவர் காப்பாற்றினார். ஆனால், தன் பிள்ளையின் கதையை என்னிடம் தந்ததற்காக அவர் தன்னையே நொந்திருப்பார் என்று நினைக்கிறேன். அடுத்த வருடம் வீட்டை விற்றுவிட்டு, மகனோடு இருக்க சிட்னிக்குப் போய்விட்டார்.

நான் உடனே திருந்திவிட்டேன் என்று எழுத ஆசை. அதுவும் நடக்கவில்லை. பல மாதங்கள் கழித்து நத்தார் பண்டிகைக்குக் கணவரின் அலுவலகத்தில் கொடுத்த கூடையில் ஒரு போத்தல் இருந்தது. அவர் அதை எடுத்து எறிய மறந்திருந்தார். நான் மறக்கவில்லை. இரண்டு நாளில் முடித்தேன். மூன்றாம் நாள் நானே ஆலோசகருக்கு ஃபோன் எடுத்தேன், அது மட்டும்தான் வித்தியாசம். வயிற்றில் மறுபடி தண்ணீர் வைத்தது. கமராவில் நரம்புகள் புடைத்திருந்தது தெரிந்து வளையம் போட்டார்கள். ஒரு கிழமை கஞ்சியும் தயிரும்தான். மகள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அவளை நான் கேட்கவும் இல்லை.

அதன் பிறகு கிழமையில் ஒருநாள் குடியை விட முயல்கிற ஆட்கள் ஒரு தேவாலயத்தின் பின்னறையில் கூடுகிற இடத்துக்குப் போனேன். அங்கே நான் ஒருத்திதான் சேலை கட்டுகிற நாட்டிலிருந்து வந்தவள். ஆசையைக் குறைக்கிற ஒரு மாத்திரையும் டாக்டர் தந்தார். தோய்க்கிற அறையில் நிற்கும்போது எனக்கு இன்னும் வாய் ஊறும். அப்போது தோட்டத்துக்குப் போய் எதையாவது வெட்டுவேன். ரோஜாச் செடிகள் மொட்டையாக நின்றன.

2013 முடிவில் ஈரல் ஓரளவுக்குத் தாக்குப்பிடிப்பதாகச் சொன்னார்கள். தழும்பு போகாது. ஆனால் கண் வெள்ளையாகிவிட்டது, தண்ணீர் வைக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் எடுத்து, புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அது வாழ்நாள் முழுக்க. மகள் என்னைக் கட்டிப்பிடிக்கத் தொடங்கியிருந்தாள். கட்டிப்பிடிக்கும்போது என் வாய்க்குக் கிட்ட மூக்கைக் கொண்டுவந்து ஒரு கணம் மூச்சை இழுப்பாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

அந்த டிசம்பரில் அவளுக்குப் பரீட்சை முடிவு நன்றாக வந்தது. வீட்டுக்குச் சில குடும்பங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். அதற்கு முன்பு நெடுங்காலம் யாரையும் கூப்பிட்டதில்லை. கணவரின் வேலைத்தலத்து நண்பர் ஒருவர் நல்ல மனதோடு ஒரு வைன் போத்தல் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கணவர் உடனே அதை எடுத்து அவரிடமே நீட்டினார்.

"குறை நினையாதேங்கோ. எங்கட வீட்டில இது பாவிக்கிறேல்லை."

"அட, பிள்ளை பாஸ் பண்ணின நாள்! ஒரு துளி குடிச்சால் என்ன நடக்கப்போகுது? அண்ணிக்குப் பயமோ?" என்று அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத் தொடங்கினேன்.

மகள் தட்டில் இடியப்பம் வைத்துக்கொண்டு நின்றாள். வீட்டில் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். அன்று, அங்கே இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்றோ என்னவோ, தமிழில் சொன்னாள்.

"அம்மாக்கு ஈரல் பழுது, அங்கிள். குடிச்சுத்தான் பழுதாப்போனது. வீட்டுக்குள்ள கொண்டுவராதேங்கோ, ப்ளீஸ்."

என் காது இரண்டும் எரிந்தன. கையில் இருந்த சொதிக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நண்பர் போத்தலை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார். யாரோ தண்ணீர் கேட்டார்கள். இன்னொருவர் ரிங் ரோட் நெரிசலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கணவர் கதிரைகளை இழுத்துப் போட்டார். நான் ஒருவர் முகத்தையும் பார்க்காமல், தட்டுகளை மட்டும் பார்த்து, ஒவ்வொருவருக்கும் சொதி விட்டுக்கொண்டு போனேன். மகளின் தட்டுக்கு வந்தபோது அவள் தட்டை நீட்டினாள். உப்புக் காணாது என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு சாப்பிட்டாள்.